உடன் பயில்வோர் தரும் காற்பங்கு

'நன்று' என்ற சொல்லின்மீது எங்களுக்கு ஒருவகை அச்சம் ஏற்பட்டது 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் மாணவர்களின் ஏடுகளில் அச்சொல்லை நாங்களே பல்லாயிரம் முறை எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறோம். ஆனால் பிறர் எழுதிய 'நன்று'களை ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் படிக்க நேர்ந்தபோதுதான் அச்சொல்லுக்குள் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. 'நன்று', 'மிக நன்று', 'அருமை', 'வாழ்த்துகள் தோழமையே'. எழுதியவர் கட்டுரையைத் திறந்து பார்த்தாரா என்பதைக்கூட அச்சொற்களிலிருந்து அறிய வழியில்லை.

நாங்கள் இருவர். ஒரே கல்லூரியின் தமிழ்த்துறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து வயதாகிக் கொண்டிருப்பவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் எல்லாம் கைபேசிக்குள் குடிபுகுந்தபோது, எங்கள் மாணவர்களுக்கு மட்டுமின்றி விரும்பும் எவர்க்கும் கட்டுரை எழுதப் பயிற்சி அளிக்கலாமே என்று தோன்றியது. எட்டு வாரங்கள், நான்கு கட்டுரைகள், கட்டணம் இல்லை. முப்பது பேர் வருவார்கள் என்று எண்ணினோம். 112 பேர் வந்தார்கள். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், இல்லத்தரசியர், கடைச் சிப்பந்திகள், பனியன் கம்பெனித் தொழிலாளர் என்று எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் ஒருநாளும் சேர்த்துக் கண்டிராத ஒரு கூட்டம்.

இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 112 கட்டுரைகள். கல்லூரியின் அன்றாடப் பணிகளோடு இருவரால் இவற்றைப் படித்துக் கருத்துரைக்க இயலாது. அப்போதுதான் 'உடன் பயில்வோர் மதிப்பீடு' என்ற வழி கண்ணில் பட்டது. எங்கள் கல்லூரி பயன்படுத்திய மூடுல் என்ற மென்பொருளில் அதற்கென்றே 'ஒர்க்‌ஷாப்' என்றொரு பகுதி உண்டு. ஒருவர் எழுதிய கட்டுரையை மூவரிடம் அதுவே பிரித்துக் கொடுக்கும். அவர்கள் மதிப்பெண்ணும் கருத்தும் இடுவர். கட்டுரைக்கு 80, பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கு 20 என்ற பகுப்பும் அதில் முன்கூட்டியே அமைந்திருந்தது. நாங்கள் அதை மாற்றவில்லை. ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இம்முறையை நாங்கள் தேர்ந்தது கல்விக் கொள்கை எதனாலும் அன்று, எங்கள் சுமை குறையும் என்பதனால்.

அதனால் மதிப்பிடுவது எப்படி என்று எவர்க்கும் நாங்கள் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தந்தோம். கருத்து, கட்டமைப்பு, சொல்லாட்சி, நடை, பிழையின்மை என்று நீளும் அட்டவணை அது. 'நேர்மையாக மதிப்பிடுக' என்று ஒரு வரியும் சேர்த்தோம். ஊரும் பேரும் பார்த்து மதிப்பெண் விழக்கூடாது என்பதற்காகப் பெயர்களை மறைத்து எண்கள் கொடுத்தோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாம் கட்டுரைக்கு நாங்கள் கொடுத்த பொருள், 'எங்கள் வீட்டில் ஒரு பொருள்' என்பது. வானொலிப் பெட்டி, ஆட்டுக்கல், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி என்று கட்டுரைகள் வந்தன. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாயியின் தூக்குப்போசியைப் பற்றி எழுதியிருந்தார். பனியன் கம்பெனியில் வேலை, இரவு ஒன்பது மணிக்குமேல் கைபேசியிலேயே தட்டச்சிட்டு அனுப்பியது. அம்மாயி நாள் முழுதும் பண்ணாடியின் காட்டில் பருத்தி எடுத்துவிட்டுப் பொழுதோடு அந்தப் போசியை நீட்டுவார். கஞ்சி மேலிருந்து ஊற்றப்படும். ஊற்றுகிற பாத்திரமும் வாங்குகிற போசியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இவ்வளவுதான் கட்டுரை. எவரையும் பழிக்கவில்லை, எதற்கும் அழவில்லை. போசியின் வளைந்த கைப்பிடியையும் அதன் விளிம்பில் இருந்த ஒரு நசுங்கலையும் மட்டும் மிகக் கவனமாக விவரித்திருந்தார்.

அக்கட்டுரையை நாங்கள் படித்தது, அது வந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு. அந்த மாணவி வகுப்புக்குள் வருவதையே நிறுத்தி பத்து நாட்கள் கழிந்த பின்னர்தான் ஏன் என்று பார்க்கத் தோன்றியது. மூவர் மதிப்பிட்டிருந்தனர். 80க்கு முதல்வர் 32, இரண்டாமவர் 36, மூன்றாமவர் 72. முதல்வர் எழுதியிருந்த கருத்து இது: 'கொச்சை வழக்கைத் தவிர்க்கவும். தூக்குப்போசி அன்று, தூக்குவாளி. கட்டுரைக்கு முன்னுரை, முடிவுரை இல்லை. இலக்கியத் தமிழில் எழுதப் பழகுக.' இரண்டாமவர் 'முயற்சிக்குப் பாராட்டு, மொழியில் கவனம் தேவை' என்று முடித்துக்கொண்டார்.

பெயரை மறைத்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று நம்பியது எங்கள் பேதைமை. 'பண்ணாடி' என்ற ஒரு சொல் போதும், அது எழுதியவரின் ஊரைச் சொல்லும், பல வேளைகளில் தெருவையும் சொல்லும். முதலாம் மதிப்பீட்டாளர் அதனை உணர்ந்து எழுதினார் என்று நாங்கள் சொல்லவில்லை. உணராமலே எழுத முடிந்தது என்பதுதான் எங்களை உறுத்தியது.

இதனினும் பெரிய உறுத்தல் ஒன்று காத்திருந்தது. மதிப்பிட்டவர்களுக்குரிய 20 மதிப்பெண்ணை அந்த மென்பொருள் எவ்வாறு கணக்கிடுகிறது என்று அன்றுதான் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு கட்டுரைக்கு வந்த மதிப்பெண்களின் சராசரியை அது எடுத்துக்கொள்கிறது. அச்சராசரிக்கு மிக அருகில் இருப்பவர் சிறந்த மதிப்பீட்டாளர், அவருக்கு முழு மதிப்பெண். அவரிடமிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு இழப்பு. 32, 36, 72 ஆகியவற்றின் சராசரி ஏறத்தாழ 47. ஆகவே 36 இட்டவர் சிறந்தவர். 72 இட்டவரோ மூவரிலும் கடையர்.

அந்த மூன்றாமவர் எழுதியிருந்த கருத்து இது: 'போசி என்ற சொல் எனக்குத் தெரியாது, வேறு மாவட்டம். ஆனால் கஞ்சி மேலிருந்து விழும் இடத்தில் அதன் ஓசை எனக்குக் கேட்டது. கைப்பிடியைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்கள், கஞ்சியை ஊற்றியவரின் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது வேண்டுமென்றே விட்டதா? அந்தப் போசி இப்போது எங்கே இருக்கிறது?'

எங்கள் வகுப்பில் அன்றுவரை எழுதப்பட்ட கருத்துரைகளில் படித்ததற்கான சான்று உடையது இது ஒன்றே. அதை எழுதியவருக்கு எங்கள் ஏற்பாடு தண்டனை வழங்கியிருந்தது. பலரோடு ஒத்துப்போவதே நல்ல வாசிப்பு என்று இலக்கணம் வகுத்தால், தனித்து நின்று சரியாகப் படித்தவர் பிழை செய்தவர் ஆகிவிடுகிறார்.

உடன் புலவர் எழுதியதை உடன் புலவர் மதிப்பிடுவதில் உள்ள இடர் நம் மரபுக்குப் புதியதன்று. இறையனார் களவியலுக்கு உரை தோன்றிய வரலாற்றைத் தமிழ் பயின்றோர் அறிவர். நாற்பத்தொன்பது புலவரும் ஆளுக்கொரு உரை வகுத்தனர். எவ்வுரை மெய்யுரை என்று தம்முள் முடிவு காண இயலவில்லை. பாண்டியனிடம் சென்று ஒரு காரணிகனைத் தருக என்றனர். நாற்பத்தொன்பதின்மரையும் ஆராய வல்லவனை நான் எங்கே தேடுவேன் என்றான் அவன். முடிவில் கோயிலில் எழுந்த குரல் காட்டிய வழியில், உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைப் பிள்ளையை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, ஒவ்வொருவராகத் தத்தம் உரையை வாசித்தனர். மருதன் இளநாகனார் உரையில் சில இடங்களில் பிள்ளையின் கண்ணில் நீர் வந்தது. நக்கீரர் உரையிலோ சொல்தோறும் வந்தது என்பது கதை.

இக்கதையை வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் சொல்லியிருக்கிறோம். இறையருள் என்றும் தொன்மம் என்றும் விளக்கியிருக்கிறோம். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தப் பிள்ளை மதிப்பெண் இடவில்லை. 'நன்று' என்று சொல்ல அவனுக்குப் பேச்சில்லை. எந்த இடத்தில் நெஞ்சு அசைந்ததோ அந்த இடத்தைக் காட்டினான், அவ்வளவே. எங்கள் மூன்றாம் மதிப்பீட்டாளர் செய்ததும் அதுதான்.

அக்கதையை நினைத்தபோது இன்னொரு பாடமும் நினைவுக்கு வந்து எங்களை நாணச் செய்தது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் கல்வி பெறும் முறையைக் கணக்கிட்டுச் சொல்கிறார். ஆசிரியன் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் கிடைப்பது புலமையில் காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைகிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்நூற்பாவை நாங்கள் ஆண்டுதோறும் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டு வந்தோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதினர். நாங்கள் 'நன்று' என்று எழுதினோம். ஆசிரியர் தருவது கால்தான் என்று சொல்லும் பாடத்தையும் முழுக்க ஆசிரியரே நடத்தி முடித்த விந்தையை எவரும் கவனிக்கவில்லை.

அதன்பிறகு, இத்துறையில் பிறர் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். 2012ஆம் ஆண்டில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் ஆல் ஃபில்ரீஸ் கோர்செரா தளத்தில் நவீன அமெரிக்கக் கவிதைப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். 30,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்த பாடம். கவிதையைப் பற்றிய கட்டுரையை இயந்திரம் திருத்த முடியாது, ஆசிரியர் சிலராலும் இயலாது. ஆகவே மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்துரைத்தனர். அதற்கும் முன்பே, 1990களில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வேதியியலாளர் ஆர்வில் சாப்மன் முன்னின்று உருவாக்கிய முறையொன்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. மாணவர் முதலில் ஆசிரியர் தந்த மூன்று மாதிரிக் கட்டுரைகளை மதிப்பிட்டுப் பழக வேண்டும். அதில் தேறிய பின்னரே சக மாணவர் மூவரின் கட்டுரைகள் கைக்கு வரும். கடைசியாகத் தம் கட்டுரையைத் தாமே மதிப்பிட வேண்டும். தராசைப் பிடிக்குமுன் தராசின் முள்ளைச் சரிசெய்வதுபோன்ற ஏற்பாடு.

நான்சி ஃபால்ச்சிகோவ், ஜூடி கோல்ட்ஃபிஞ்ச் ஆகிய இருவர் 48 ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை எங்கள் அட்டவணைக்கு நேரடியான மறுப்பாக இருந்தது. கூறு கூறாகப் பிரித்து மதிப்பெண் இடச் செய்வதைவிட, நன்கு புரிந்துகொண்ட அளவுகோல்களை மனத்தில் வைத்து முழுமையாக மதிப்பிடச் செய்யும்போதே மாணவர் மதிப்பீடு ஆசிரியர் மதிப்பீட்டை நெருங்குகிறது என்பது அவர்கள் கண்டது. நாங்கள் பதினெட்டு வரிகளைக் கொடுத்திருந்தோம், அவற்றுள் ஒன்றையும் புரிய வைக்கவில்லை.

எல்லாவற்றிலும் எங்களுக்கு உவப்பாக இருந்தது 2009ஆம் ஆண்டில் லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயில்வோரை இரு குழுவாக்கினர். ஒரு குழு பிறர் கட்டுரைகளுக்குக் கருத்துரைக்க மட்டும் பழகியது. மற்றது, வந்த கருத்துகளைப் பயன்படுத்தித் திருத்த மட்டும் பழகியது. பருவ முடிவில் எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துரைத்தவர்கள்தாம். கொடுத்தவர் பெற்றவரைவிட மிகுதியாகப் பெற்றார். பிறர்க்கு எடுத்துரைப்பதற்கு அரைப்பங்கை ஒதுக்கிய பவணந்தியாருக்கு இது வியப்பளித்திராது.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்து, 2022ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டாம் அணியைத் தொடங்குவதற்கு முன்பு ஒன்று நடந்தது. முன்பு 32 மதிப்பெண் இட்டவர் எங்களைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கையில் தம் நான்காம் கட்டுரையின் படி. 'சார், எனக்கு மூணு பேர் நன்றுன்னு போட்டிருக்காங்க. ஒருத்தரும் படிக்கல. நடுவுல ஒரு பத்தி தவறுதலா ரெண்டு தடவை ஒட்டியிருக்கு, யாருமே சொல்லல' என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தூக்குப்போசிக் கட்டுரைக்கு அவர் எழுதிய கருத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டோம். அதை எழுதிய பெண் வருவதை நிறுத்திவிட்டார் என்றும் சொன்னோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: 'எனக்கு எங்க தமிழய்யா செவப்பு மையில அப்படித்தான் எழுதுவாரு சார். கொச்சை வழக்கைத் தவிர்க்கன்னு. மதிப்பிடச் சொன்னீங்க. மதிப்பிடறதுன்னா அதுதான்னு நெனைச்சேன்.'

அவர் போன பின்பு நாங்கள் வெகுநேரம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. துறையின் மர அலமாரியில் பழைய மாணவர்கள் திரும்ப வாங்காமல் விட்டுப்போன பயிற்சி ஏடுகள் ஒரு கட்டு உண்டு. அதை அவிழ்த்தோம். 'வழக்குச் சொல் தவிர்க்க', 'முன்னுரை எங்கே?', 'கொச்சை', 'நன்று', 'கவனம் தேவை'. எங்கள் இருவரின் கையெழுத்தும் அவற்றில் இருந்தது. அந்த முதியவர் அந்நியமான கொடுமை எதையும் செய்துவிடவில்லை. எங்கள் மொழியில் பேசினார், அவ்வளவே. முப்பது பேரின் சோம்பலான 'நன்று'களும் எங்களிடமிருந்து கற்றவையே.

இணையவழிப் படிப்பில் உடன் பயில்வோர் மதிப்பீட்டுக்கு மாணவரை ஆயத்தம் செய்வது எவ்வாறு என்று யாரேனும் கேட்டால், எங்கள் விடை அந்த அலமாரியிலிருந்துதான் தொடங்கும். தாம் எவ்வாறு மதிப்பிடப்பட்டார்களோ அவ்வாறே மாணவர் பிறரை மதிப்பிடுவர். அறிவுரைப் பட்டியலால் இது மாறாது. வேறுவகையாகப் படிக்கப்படும் அனுபவத்தை முதலில் அவர்களுக்குத் தர வேண்டும், அல்லது அவர்கள் கண்முன் நாம் அதற்கு உட்பட வேண்டும்.

ஆகவே இரண்டாம் அணியின் முதல் வாரத்தில் எவரையும் எழுதச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி வகுப்புக்கு முன் வைத்தோம், எழுதியவர் பெயரின்றி. மூன்றாவதாக, இசைவு பெற்று ஒரு பழைய மாணவரின் வட்டார வழக்குக் கட்டுரையையும் வைத்தோம். மூன்றையும் எல்லாரும் மதிப்பிட்டனர். எங்களில் ஒருவரின் கட்டுரைக்குப் பாதிக்கும் சற்றே கூடுதலான மதிப்பெண் கிடைத்தது. 'எழுதியவருக்கு இந்தக் கோயிலைப் பற்றி நிறையத் தெரிகிறது, ஆனால் அங்கே போயிருக்கிறாரா என்று தெரியவில்லை' என்று ஒரு கல்லூரி மாணவன் எழுதியிருந்தான். உண்மைதான். போய்ப் பதினைந்து ஆண்டுகள் இருக்கும். அடுத்த நாள் இணைய வகுப்பில் அது எங்கள் கட்டுரை என்று சொல்லி, அந்தக் கருத்தை வாய்விட்டுப் படித்து, அதைக் கொண்டு என்ன திருத்தினோம் என்றும் காட்டினோம். வகுப்பில் ஒரு சிரிப்பலை எழுந்தது. பிறகு வந்த கருத்துரைகளின் நிறமே மாறியது.

பதினெட்டு வரி அட்டவணையை எடுத்துவிட்டு நான்கு கேள்விகளை வைத்தோம். இக்கட்டுரை எதைச் சொல்ல விரும்புகிறது? எந்த இடத்தில் நின்று மறுபடி படித்தீர்கள்? எந்த இடத்தில் உங்களைத் தவறவிட்டது? எழுதியவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி என்ன? மதிப்பெண் இந்நான்குக்கும் பிறகுதான். கட்டுரையிலிருந்து ஒரு சொற்றொடரையேனும் எடுத்துக் காட்டாமல் பாராட்டவோ குறைகூறவோ கூடாது என்பது ஒரே விதி. தெரியாத சொல் வந்தால் பிழை என்று எழுதாமல் பொருள் கேட்க வேண்டும் என்பதை அந்த வட்டார வழக்குக் கட்டுரையை வைத்தே பழக்கினோம்.

சராசரிக்கு நெருங்கியவரே சிறந்தவர் என்ற கணக்கை அந்த மென்பொருளிடமே விட்டுவிடவில்லை. ஆசிரியர் அதைத் திருத்தி எழுத அதில் இடம் உண்டு. ஒரு கட்டுரைக்கு வந்த மதிப்பெண்களுக்கிடையே 20க்கு மேல் வேறுபாடு இருந்தால் அதை நாங்களே படித்தோம். அத்தகைய கட்டுரைகள் ஒவ்வொரு சுற்றிலும் சிலவே. அவையே வகுப்பில் வந்தவற்றுள் சிறந்தவையாகவோ மிகச் சிக்கலானவையாகவோ இருந்தன. கட்டுரை எழுதியவர், தம்மை மீண்டும் எழுதத் தூண்டிய கருத்து எது என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்றும் வைத்தோம். மதிப்பிட்டவர்க்குரிய மதிப்பெண்ணில் அவ்வரிக்குப் பங்கு உண்டு.

நேரமும் இடமும் சிறிய செய்திகள் அல்ல என்பதையும் கற்றோம். மூன்று நாள் கெடுவை ஏழு நாளாக்கி, நடுவில் ஒரு ஞாயிறு வருமாறு பார்த்துக்கொண்டோம். கைபேசியின் சிறு திரையில் நீண்ட கட்டுரை படிப்பது கடினம் என்பதால் கட்டுரையை 600 சொல்லுக்குள் நிறுத்தினோம். தட்டச்சு கைவராத சிலர் தொலைபேசியில் கருத்தைச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். இதனால் எங்கள் சுமை குறைந்ததா என்றால் இல்லை. கூடியது. ஆனால் அது படிக்கிற சுமை, தாள் திருத்துகிற சுமையன்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இரண்டாம் அணியிலும் 'அருமை' எழுதியவர்கள் இருந்தனர். மூன்று கட்டுரைகளுக்கும் ஒரே கருத்தை ஒட்டி அனுப்பியவரும் உண்டு. பாதியில் நின்றவர்களும் உண்டு. அந்த ஓய்வுபெற்ற பெரியவர் மறுபடி சேர்ந்தார். தெரியாத சொல்லைக் கண்டால் கை தானாகச் சிவப்பு மையைத் தேடுகிறது, அடக்கிக்கொள்கிறேன் என்று ஒருமுறை எங்களிடம் எழுதினார். எங்களுக்கும் அப்படித்தான் என்று பதில் எழுதினோம்.

அந்தத் திருப்பூர்ப் பெண்ணைத் தொலைபேசியில் அழைக்க எங்களுக்குத் துணிவு வந்தது அவ்வாண்டு மே மாதத்தில்தான். மன்னிப்புக் கேட்டோம். 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்' என்றார். மூன்றாமவரின் கருத்தைப் பற்றிப் பேசியபோது மறுமுனையில் அமைதி. மூன்றாவது ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. முதலிரண்டைப் படித்ததும் கைபேசியை வைத்துவிட்டிருக்கிறார். திரையை மேலே தள்ளியிருந்தால் வந்திருக்கும் தூரத்தில் அது ஒன்பது மாதமாக இருந்திருக்கிறது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தோம். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

'போசி எங்கிட்டத்தானுங்க இருக்குது' என்றார்.

திரும்ப வந்து எழுதுமாறு கேட்டோம். 'எழுத இப்ப நேரமில்லீங்க சார். ஆராச்சும் எழுதுனத அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்' என்றார்.

அப்போது நடந்துகொண்டிருந்த அணியிலிருந்து, எழுதியவரின் இசைவோடு, ஒரு கட்டுரையை அனுப்பினோம். தன் அம்மாவையும் அவர் சமையலையும் பற்றி ஓர் இளைஞர் எழுதியது. உருக்கமான கட்டுரை. வகுப்பில் மூவரும் மிக உயர்ந்த மதிப்பெண் இட்டிருந்தனர், நாங்களும் மறுப்பேதும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. முதல் மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரி. நான்காவதற்கு இப்படி எழுதியிருந்தார்: 'காலையில் ஆறு மணிக்குச் சமையல், இரவு எட்டு மணிக்குச் சமையல் என்று எழுதியிருக்கிறார். நடுவில் அவருடைய அம்மா எங்கே போயிருந்தார்?'

அந்த இளைஞருக்கு அதை அப்படியே அனுப்பி வைத்தோம். அவர் அன்றிரவே புதிதாக ஒரு பத்தி எழுதி அனுப்பினார். அவருடைய அம்மா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்.